காவலும் கண்காணிப்பும்: ஓர் அறவியல் நோக்கு

தமிழிற் ‘கண்’ என்னுஞ் சொல் காணும் உறுப்பையும் உணர்த்தும். இடத்தை உணர்த்தும் ஏழாம் வேற்றுமை உருபாகவும் நிற்கும். தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைக்கு அவ்வுருபாலேயே பெயரிட்டமை இலக்கண மாணவர் அறிந்ததே. பார்வையும் இடமும் ஒரே சொல்லிற் குடியிருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். சொற்களின் ஒற்றுமையைக் கொண்டு அறவியல் முடிவுகளை நாட்டுவது ஆபத்தான முயற்சி என்பதும் உண்மையே. ஆயினும், இன்று வீட்டுப் படலைகளிலும் கடைகளிலும் கோயில் வீதிகளிலும் பொருத்தப்படும் கண்காணிப்புக் கமராவைப் பற்றிச் சிந்திப்போர்க்கு இவ்வொற்றுமை ஒரு நல்ல வினாவைத் தந்து செல்கின்றது. அந்தக் கண் இடத்தைக் காக்கின்றதா, அன்றி ஆளைத் தேடுகின்றதா?

‘கண்காணிப்பு’ என்ற சொல்லின் வரலாறும் இவ்வினாவையே வேறொரு வகையில் எழுப்புகின்றது. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிற் கண்காணி எனப்பட்டோர் கோயிற் கருமங்களை மேற்பார்வை செய்தவர்கள். அவர்களுடைய கண் கோயிலின் பொருளையும் கணக்கையும் கையாண்டவர்கள் மீது சென்றது. வழிபட வந்தவன் அக்கண்ணுக்கு இலக்கல்லன். அதே சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்து ‘கங்காணி’ ஆயிற்று. கங்காணி தோட்டத்தைப் பார்க்கவில்லை. தோட்டத்தில் உழைத்தவனைப் பார்த்தான். அவனுடைய வேலையை மாத்திரமன்றி, கடனையும் வரவையும் போக்கையும் பார்த்தான். ஒரே சொல் மேல்நோக்கிப் பார்த்த காலமும் உண்டு, கீழ்நோக்கிப் பார்த்த காலமும் உண்டு என்பது இதனாற் புலனாகும்.

இவ்வினாவை வெறுங் கருத்துலகில் நிறுத்தி ஆராய்வதிலும் ஓர் ஊரில் வைத்து ஆராய்தல் பயனுடையது. அதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள கீரிமலை மிகப் பொருத்தமானது. நகுலேஸ்வரம், கடலோரத்து நன்னீர்க் கேணி, ஆடி அமாவாசைப் பிதிர்க்கடன் ஆகியவற்றால் அவ்வூர் பெயர்பெற்றது. அண்மைக்கால வரலாற்றில் அதற்கு மற்றொரு முகமும் உண்டு. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டதை அடுத்து வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டு ஒக்ரோபரில் நகுலேஸ்வரர் ஆலயம் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. அதன் பின்னர் அப்பிரதேசம் நெடுங்காலம் உயர்பாதுகாப்பு வலயமாக இருந்தது. 2009 இல் போர் முடிந்த பின்னரே காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. மக்கள் திரும்பி வந்தபொழுது பல வீடுகள் இருந்த இடத்திற் பற்றையும் கிணற்றுக் கட்டும் மாத்திரம் எஞ்சியிருந்தன. ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம், பார்க்கப்படுபவர்களாகவே வாழ்ந்தவர்கள் அவர்கள். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி, தன் முகத்தை அட்டையிலுள்ள முகத்தோடு மற்றொருவன் ஒப்பிடும் வரையிற் காத்து நிற்பது அவர்களுக்கு நாளாந்த அனுபவமாயிருந்தது.

அத்தகைய மக்கள் மீண்டும் எழுப்பிய வீடுகளின் மதில்களில் இன்று அவர்களாகவே விரும்பிக் கமராக்களைப் பொருத்துகின்றனர். இது ஒரு முரண்பாடாகத் தோன்றலாம். உண்மையில் முரண்பாடு அவ்வளவு எளிதானதன்று. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் இருக்க, முதிய தாய் தந்தையர் பெரிய வளவிலே தனித்து வாழ்கின்றனர். தனித்திருக்கும் முதியோரின் வீடுகளில் இரவிற் புகுந்து நகை பறித்தோரைப் பற்றியும், வாள்களோடு திரியும் குழுக்களைப் பற்றியும் செய்திகள் வந்த வண்ணம் உள்ளன. அச்சம் பொய்யன்று. கடல்கடந்து வாழும் மகன் தாயின் படலையைத் தன் தொலைபேசியிற் பார்த்து நிம்மதியடைகின்றான் எனின், அதனைப் பழிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. வினா, கமரா வேண்டுமா வேண்டாமா என்பதன்று. எந்தக் கமரா, எத்தகைய வில்லையோடு, எத்திசை நோக்கி என்பதே வினா. கடைக்காரனும் பொருத்துனரும் தீர்மானிக்கும் தொழினுட்ப விடயமாகவே இது பொதுவாகக் கருதப்படுகின்றது. அவ்வாறு கருதுவதிலேதான் தவறு தொடங்குகின்றது.

வில்லையின் இயல்பைச் சற்று விரிவாக நோக்குதல் இவ்விடத்து அவசியமாகும். கமராவின் உள்ளே ஒளியை ஏற்கும் சிறு தகடு ஒன்று உண்டு. வீடுகளுக்கு விற்கப்படும் கமராக்கள் பலவற்றில் அதன் அகலம் ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீற்றர். வில்லையின் குவியத்தூரம் குறையக் குறையக் காட்சி அகலும். கூடக் கூடக் காட்சி ஒடுங்கும். எளிய விகிதக் கணக்கு இது: பத்து மீற்றர் தொலைவில் 2.8 மில்லிமீற்றர் வில்லை ஏறத்தாழ 20 மீற்றர் அகலமான பரப்பைக் காட்டும். 4 மில்லிமீற்றர் வில்லை 14 மீற்றரைக் காட்டும். 6 மில்லிமீற்றர் ஒன்பது மீற்றரையும், 12 மில்லிமீற்றர் நாலரை மீற்றரையும் காட்டும். ஆனால் காட்சி அகன்றாலும் ஒடுங்கினாலும் அதனைப் பதியும் படப்புள்ளிகளின் தொகை மாறுவதில்லை. முழு உயர்தரக் கமராவில் ஒரு வரிசைக்கு 1,920 புள்ளிகள். அப்புள்ளிகளை 20 மீற்றருக்குப் பங்கிட்டால் மீற்றருக்கு நூற்றுக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். நாலரை மீற்றருக்குப் பங்கிட்டால் நானூற்றுக்கு மேற் கிடைக்கும். அகலத்தைப் பெற விரும்புபவன் முகத்தை இழக்கின்றான். முகத்தைப் பெற விரும்புபவன் அகலத்தை இழக்கின்றான்.

இத்துறையிற் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு வகுத்த நியமம் ஒன்றுண்டு. மீற்றருக்கு 25 புள்ளிகள் இருப்பின் அங்கே ஓர் ஆள் உண்டு என்பதைக் கண்டறியலாம். 62 அளவில் அவருடைய உடை முதலியவற்றை அவதானிக்கலாம். 125 இருப்பின் முன்னரே அறிந்த ஒருவரை இன்னார் என இனங்காணலாம். 250 இருப்பின் முன்பின் அறியாத ஒருவரையும் ஐயத்துக்கிடமின்றி அடையாளப்படுத்தலாம். கண்டறிதல், அவதானித்தல், இனங்காணல், அடையாளப்படுத்தல் என்னும் இந்நான்கு வினைகளையும் பொறியியலாளர் அளவுகளாகவே எழுதியுள்ளனர். வாசிப்போர்க்கு அவை ஒரு மனிதனை நெருங்கிச் செல்லும் நான்கு படிகளாகத் தோன்றுவதில் வியப்பில்லை. முதற்படியிற் பாதுகாக்கப்படுவது வளவு. நான்காம் படியிற் பற்றப்படுவது மனிதன். இரவிலே மதிலேறிக் குதிக்கும் ஒருவன் வந்துவிட்டான் என்பதை அறிந்து அயலாரை எழுப்புவதற்கு முதலிரு படிகளே போதும். நாலாம் படி வேண்டப்படுவது அவன் போன பின்னர்.

இந்த இடத்திற் காவலுக்கும் கண்காணிப்புக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகின்றது. காவல் என்பது தீங்கு நிகழுமுன் இடையில் வந்து நிற்றல். காவற்காரனுக்குக் கண் மாத்திரமன்றிக் காலும் குரலும் உண்டு. கமராவுக்கு இவை இரண்டும் இல்லை. மூடிய சுற்றுத் தொலைக்காட்சியின் தொடக்க வரலாறும் இதனையே காட்டுகின்றது. 1942 இல் ஜேர்மனியின் பீனமுண்டேயில் ஏவுகணைகள் கிளம்புவதைப் பார்ப்பதற்காக அது பயன்பட்டது. மனிதன் நின்றால் உயிர்தப்ப முடியாத இடத்தில் அவனுக்குப் பதிலாக ஒரு கண் வைக்கப்பட்டது. இன்றோ மனிதன் நிற்கக்கூடிய, நிற்கவேண்டிய இடங்களிலெல்லாம் அவனுக்குப் பதிலாக அக்கண் வைக்கப்படுகின்றது.

2019 ஏப்ரில் 21 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் தேவாலயத்திற் பதிவான காட்சியை உலகம் முழுவதும் கண்டது. முதுகிற் பாரமான பையோடு ஒருவன் முற்றத்தைக் கடந்து வருகின்றான், வழியில் வந்த சிறு குழந்தையின் தலையைத் தடவுகின்றான், உள்ளே செல்கின்றான். கமரா அனைத்தையும் கண்டது. அத்தேவாலயத்தில் மாத்திரம் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்னரே, ஏப்ரில் மாதத் தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து எச்சரிக்கை கிடைத்திருந்தது. தடுக்கும் பொறுப்பிலிருந்து தவறியமைக்காக அன்றைய சனாதிபதி உட்படப் பலரை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12 ஆந் திகதி பொறுப்பாளிகளாகக் கண்டது. அறிந்தும் அசையாதிருந்தமையே அங்கு குற்றமாயிற்று. காட்சியும் இருந்தது, அறிவும் இருந்தது, காவல் இருக்கவில்லை. அத்துயரின் பின்னர் நாடெங்கும் வழிபாட்டிடங்களும் பாடசாலைகளும் கமராக்களை நாடின. கண் இருந்த இடத்தில் நேர்ந்த இழப்புக்கு மேலும் பல கண்களே பரிகாரமெனக் கொள்ளப்பட்டமை சிந்தனைக்குரியது. கமராவைப் பொருத்தியபின் வாயிலில் நிற்கும் ஆளை நிறுத்திவிடும் ஆலய நிர்வாகம், காவலைக் கூட்டவில்லை, குறைத்திருக்கின்றது.

“குற்றம் செய்யாதவன் ஏன் அஞ்சவேண்டும்?” என்பது இவ்விடத்து எழும் வழமையான வாதம். இவ்வாதத்தின் வேர் மிகப் பழையது. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலின் இரண்டாம் பாகத்திற் கிளோக்கன் ஒரு கதை கூறுகின்றான். அணிந்தவனை மறைத்துவிடும் மோதிரம் ஒன்று கைஜஸ் என்னும் இடையனுக்குக் கிடைக்கின்றது. கிடைத்ததும் அவன் அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, ஆட்சியைப் பற்றுகின்றான். காணப்படாதவன் எவனும் நீதியாக நடக்கமாட்டான் என்பது கிளோக்கன் முன்வைக்கும் ஐயம். கமராவை நியாயப்படுத்துவோர் இக்கதையைத் தமக்குச் சாதகமாகக் கொள்வர். ஆனால் இன்றைய நிலையில் அம்மோதிரம் எவருடைய விரலில் இருக்கின்றது என்று கேட்டாற் கதை திரும்பிவிடுகின்றது. கமராவுக்கு முன்னாற் செல்பவன் காணப்படுகின்றான். அதன் பின்னால், எங்கோ ஓர் அறையிற் திரையைப் பார்த்திருப்பவனே காணப்படாதவன். கிளோக்கனின் ஐயம் திருடனைவிட அவனுக்கே அதிகம் பொருந்தும்.

குற்றமற்றவருக்கும் இழப்பு உண்டு என்பதற்கு மேற்கூறிய மகனையும் தாயையுமே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். படலையை நோக்கிய கமராவோடு நிம்மதி தொடங்குகின்றது. சிறிது காலத்தில் விறாந்தையில் ஒன்று, குசினி வாசலில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று எனக் கண்கள் பெருகுகின்றன. ஒருநாள் மகன் தொலைபேசியில், “அம்மா, விடியக்காலமை அவ்வளவு நேரமும் பின்வளவில என்ன செய்தனீங்கள்?” என்று கேட்கின்றான். கேள்வியில் அன்பு உண்டு. தாய் விழுந்துவிடுவாளோ என்னும் கவலையும் உண்டு. ஆயினும் அன்று தொடக்கம் அந்தத் தாய்க்குப் பின்வளவு பழைய பின்வளவாக இராது. மறைப்பதற்கு அவளிடம் எதுவும் இல்லை. ஆனால் எவருக்கும் விளக்கஞ் சொல்லாமல் தன் மாமரத்தின் கீழ் நிற்கும் சுதந்திரம் அவளிடம் இருந்தது, அது போய்விட்டது. படலையைப் பார்த்த அகன்ற வில்லை வருபவனைக் கண்டது. கிணற்றடியைப் பார்க்கும் வில்லை தாயைக் காண்கின்றது. நோக்கம் ஒன்றே, கருவியும் ஒன்றே, அன்பும் ஒன்றே. செயல் மாத்திரம் வேறாகிவிட்டது. தாயிடம் ஒரு வார்த்தை கேட்டபின் பொருத்தப்பட்டதா, கேளாமற் பொருத்தப்பட்டதா என்பதில் இவ்விடயத்தின் பெரும் பகுதி அடங்கியுள்ளது.

அயலாரின் கண்ணுக்கு யாழ்ப்பாணம் புதிதன்று. கிடுகு வேலியும் பனையோலை வேலியும் மறைப்பதற்கென்றே எழுப்பப்பட்டவை. ஆனால் வேலியிற் பொட்டும் இருந்தது. அப்பொட்டு வழியே அயலவள் பார்த்தாள்; ஊர்க்கதை பேசினாள்; பலருடைய வாழ்வைத் துன்பமாக்கினாள் என்பதும் மறுக்கற்பாலதன்று. சாதியும் பெண்ணொடுக்குமுறையும் அக்கண்ணின் துணையோடுதான் காக்கப்பட்டன. பழைய வேலியைப் பொற்காலமாக வருணிப்போர் இதனை மறந்துவிடுகின்றனர். எனினும் பொட்டின் கண்ணுக்கு இரண்டு இயல்புகள் இருந்தன. பார்த்தவளையும் பார்க்க முடிந்தது. கூக்குரல் கேட்டால் அதே பொட்டால் ஆள் ஓடிவர முடிந்தது. சுவரிலுள்ள கமராவுக்கு இவ்விரண்டும் இல்லை. ரொறன்ரோவிலுள்ள மகன் தாய் விழுவதைக் காணலாம். தூக்குவதற்கு அயல்வீட்டாரையே அழைக்கவேண்டும். மதில்கள் உயர்ந்து, பொட்டுகள் அடைபட்டு, அயலவரின் பெயரும் தெரியாத நிலை ஏற்பட்டிருப்பின் அந்த அழைப்பு எவருக்குச் செல்லும்?

பார்ப்பவனைத் திரும்பப் பார்க்க முடியாமை அதிகாரத்தின் ஒரு வடிவம் என்பதை முதலில் திட்டமாகவே வகுத்தவர் ஆங்கில அறிஞர் ஜெரமி பெந்தாம். 1791 இல் வெளியான அவருடைய சிறைத்திட்டத்தில் வட்டமான கட்டடத்தின் நடுவே மேற்பார்வையாளர் இருப்பார். சுற்றிலும் அறைகளிற் கைதிகள். நடுக்கூடத்தின் சன்னல்களுக்குத் தட்டிகள் இட வேண்டும் என்றார் பெந்தாம். மேற்பார்வையாளர் பார்க்கின்றாரா இல்லையா என்பது கைதிக்குத் தெரியாதிருத்தலே அத்திட்டத்தின் உயிர்நாடி. பார்க்கப்படலாம் என்ற எண்ணமே கைதியைத் தன்னைத் தானே காவல் செய்ய வைத்துவிடும். 1975 இல் மிஷேல் பூக்கோ இத்திட்டத்தை நவீன சமுதாயத்தின் குறியீடாகவே எடுத்து ஆராய்ந்தார். இன்று கடைகளில் விற்கப்படும் கரும்புகை நிற அரைக்கோளக் கமராவைக் கையிலெடுத்துப் பார்ப்போர் பெந்தாமின் தட்டியை உடனே இனங்கண்டுகொள்வர். வில்லை எத்திசையை நோக்குகின்றது என்பது வெளியே நிற்பவனுக்குத் தெரியாதிருக்கவே அக்கூடு.

இரவுப் பார்வையிலும் இத்தகைய தெரிவு உண்டு. இருளிற் பார்ப்பதற்குக் கமரா அகச்சிவப்பு ஒளியை வீசுகின்றது. 850 நனோமீற்றர் அலைநீளத்தில் வீசினால் இருட்டில் மங்கலான செந்நிறப் பொட்டாகத் தெரியும்; 940 இல் வீசினாற் கண்ணுக்குப் புலப்படாது, தூரமும் குறையும். விற்பனையாளர் இரண்டாவதை ‘மறைவானது’ என்று புகழ்வர். காவலுக்கு வைக்கப்படும் கண் தான் இருப்பதை ஏன் மறைக்கவேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. நாய் குரைப்பதும் விளக்கு எரிவதும் வருபவனுக்கு அறிவித்தல்கள். வராதே என்று சொல்பவை. மறைந்திருந்து பார்ப்பது ஒற்றனின் தொழில். திருவள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆனால் அதனை அறத்துப்பாலில் இல்வாழ்வானுக்குரியதாக வைக்கவில்லை. பொருட்பாலில், அரசியலில், வேந்தனின் கருமமாக வைத்தார். அது அரசுக்கு அவசியமாயிருக்கலாம். இல்லறத்தானின் குணமாக அதனை அவர் எங்கும் சேர்க்கவில்லை.

மறுபக்கத்து வாதம் ஒன்று உண்டு. வடபுலத்தில் அதனை எவரும் இலேசாகத் தள்ளிவிட முடியாது. கண் இருந்ததனால் மாத்திரம் இங்கு துன்பம் விளையவில்லை. கண் இல்லாமையாலும் விளைந்தது. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 ஆந் திகதி கிளிநொச்சியிற் தொடங்கிய தொடர்போராட்டத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கையிற் புகைப்படத்தோடு அவர்கள் கேட்பது ஒரு சாட்சியத்தையே. எந்த வாகனம், எந்தச் சந்தி, எந்த நேரம் என்று சொல்வதற்கு ஒரு கண் இருந்திருந்தால்! பதிவுகள் அற்ற இடத்தில் வலியவனின் வார்த்தையே வரலாறாகிவிடும். ஆதலின் கமரா எளியவனுக்கு எதிரி என்று பொதுப்படக் கூறுவது பொருந்தாது. சாவடியிலும் பொலிஸ் நிலையத்திலும் தடுப்பறையிலும் வைக்கப்படும் கமராவில் முகங்கள் தெளிவாக விழுமளவுக்கு ஒடுங்கிய வில்லையே தகும். அங்கு அடையாளப்படுத்தப்பட வேண்டியவன் அதிகாரமுடையவன். சோழர் காலத்துக் கண்காணியின் நோக்கு அது. அகன்ற வில்லை எங்கும் நல்லது, ஒடுங்கிய வில்லை எங்கும் தீயது என்ற எளிய விதி எதுவும் இதிலிருந்து பெறப்படமாட்டாது. யாருக்கு எவர்மேல் வலிமை உண்டு என்பதையும் சேர்த்தே வில்லையைத் தெரிய வேண்டியிருக்கின்றது.

இனிக் கேணியடிக்கு வருதல் தகும். கீரிமலையில் ஆண்கள் நீராடும் கேணி கடலை அண்டித் திறந்து கிடக்கின்றது. பெண்களின் கேணி சுற்றுமதிலால் மறைக்கப்பட்டுள்ளது. சுண்ணாம்புக் கற்பாறைகளினூடு நிலத்தின் கீழ் ஓடிவரும் நன்னீர் உவர்க்கடலின் ஓரத்திலே ஊறுகின்றது. எது காணப்படலாம், எது காணப்படலாகாது என்பதை அங்கு முன்னோர் மதிலாலே தீர்மானித்தனர். ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தோர் பெருந்தொகையினராய் வந்து, எள்ளும் நீரும் இறைத்து, கடலிலும் கேணியிலும் மூழ்கி எழுகின்றனர். நனைந்த உடலும் அழுத முகமுமாய் நிற்கும் அவர்கள் ஆயிரம் பேர் மத்தியில் நிற்கின்றனர். ஆயினும் ஒருவரை ஒருவர் உற்றுப் பார்ப்பதில்லை. கூட்டத்திலே தனிமை உண்டாவது இவ்வாறுதான். பார்க்காமல் விடுதல் என்னும் மரியாதையைப் பார்ப்பவர் ஒவ்வொருவரும் வழங்குவதால் அது உண்டாகின்றது. கமராவுக்கு அம்மரியாதை கற்பிக்க முடியாது. கண்ணை எடுத்துக்கொள்ளுதல் என்னும் செயலை அது அறியாது.

தலவரலாறும் இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. கீரிமுகம் வாய்ந்த நகுலமுனிவரும், குதிரைமுகத்தோடு வந்த மாருதப்புரவீகவல்லியும் இத்தீர்த்தத்தில் ஆடி நன்முகம் பெற்றனர் என்பது ஐதிகம். வரலாற்றாய்வாளர் இதனை எவ்வாறு மதிப்பிட்டாலும், ஊரின் பெயரையே தந்த இக்கதையின் மையம் முகம் என்பதில் ஐயமில்லை. தாம் கொண்டுவந்த முகத்தை விட்டுச் செல்வதற்கு அவர்கள் வந்தார்கள். அத்தகைய நீர்க்கரையில் மீற்றருக்கு 250 புள்ளிகள் வீதம் முகங்களைப் பதிந்து வைக்கும் ஒரு கருவியை நிறுவ நினைப்போர் முதலிற் கதையைக் கேட்பது நன்று.

அதனாற் கேணியடியிற் காவலே வேண்டாம் என்று கொள்ளலாகாது. திருவிழாக் காலத்தில் வாகனங்கள் நிற்கும் வெளியில் திருட்டு நிகழலாம், உண்டியல் உடைக்கப்படலாம், கடலிறங்குவோர் தத்தளிக்கலாம். வாகன வெளிக்கு 2.8 மில்லிமீற்றர் அகன்ற வில்லை போதும். எவர் வருகின்றார் என்பதைவிட ஏதோ நிகழ்கின்றது என்பதையே அங்கு அறியவேண்டும். உண்டியலை மாத்திரம் நோக்கும் 6 அல்லது 12 மில்லிமீற்றர் வில்லையைக் குறை கூற முடியாது. அது பொருளைப் பார்க்கின்றது, அதிற் கைவைப்பவனைக் காண்கின்றது, வணங்கி நிற்பவன் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றான். கடலில் இறங்குவோர்க்குக் கமராவால் ஒரு பயனும் இல்லை. நீந்தத் தெரிந்த இருவர் கரையில் நிற்றல் வேண்டும். கேணியின் நீர்ப்பரப்பு ஒரு கமராவின் காட்சிக்குள் தவிர்க்க முடியாது வந்து விழுமாயின், அப்பகுதியைக் கறுப்பாக்கிவிடும் வசதி இன்றைய கமராக்கள் பலவற்றில் உண்டு. பெண்கள் கேணியின் மதிலுக்கு நிகராக இக்காலத்தில் எஞ்சியிருப்பது அதுவே. ஆனால் மதிலை ஊர் காணும். இந்தக் கறுப்புக் கட்டத்தைக் கடவுச்சொல் அறிந்தவன் ஒரே அழுத்தத்தில் நீக்கிவிடலாம்.

குவியத்தூரத்தை மாற்றக்கூடிய வில்லைகளின் ஆபத்தும் இதுவே. 2.8 இலிருந்து 12 மில்லிமீற்றர் வரை மாற்றத்தக்க வில்லையைப் பொருத்துனர் வசதி கருதிப் பரிந்துரைப்பர். சிலவற்றை இருந்த இடத்திலிருந்தே மோட்டாரால் மாற்றலாம். அகன்ற காட்சிக்கு ஊரவர் சம்மதித்தார்கள் என்று வைத்துக்கொண்டால், அடுத்த மாதம் அதே கமரா எவருக்குஞ் சொல்லாமல் ஒடுங்கிய காட்சிக்கு மாறிவிடலாம். வெளியே நிற்பவனுக்கு அதே பெட்டி, அதே கண்ணாடி. கொடுத்த சம்மதம் ஒன்று, நடைபெறுவது வேறொன்று. பொதுவிடங்களில் மாறாத வில்லையே பொருத்தமானது என்பதற்கு விலை குறைவு என்பதைவிட வலுவான காரணம் இது.

மறதியைப் பற்றியும் ஒரு சொல். நொடிக்கு நான்கு மெகாபிற் வீதம் பதியும் கமரா ஒரு நாளில் ஏறத்தாழ 43 கிகாபைற் அளவை நிரப்பும். ஒரு தெராபைற் வட்டு மூன்று வாரங்களுக்குச் சற்று மேலாகத் தாங்கி, பின்னர் பழையதன் மேற் புதியதை எழுதத் தொடங்கும். இவ்வளவில் வட்டுக்கும் ஒரு மறதி உண்டு. திருட்டை அறிந்து முறையிட மூன்று வாரம் தாராளமாகப் போதும். மேலும் வட்டுகளைச் சேர்த்து ஓராண்டுக் காலத்தை வைத்திருப்போர் எதற்காக வைத்திருக்கின்றனர் என்ற வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள். இந்தியாவில் 2017 ஓகஸ்ட் 24 ஆந் திகதி ஒன்பது நீதியரசர்கள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக ஏற்றது. இலங்கையின் அரசியலமைப்பில் அவ்வுரிமை வெளிப்படையாகப் பெயர் கூறப்படவில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. சட்டம் எவ்வளவு விரிவாக அமைந்தாலும் கிணற்றடிக்கும் கேணியடிக்கும் வந்து வில்லையைத் தெரிந்தெடுக்கப் போவதில்லை. அத்தெரிவு வீட்டாரிடமும் ஆலய நிர்வாகத்திடமும் பொருத்த வந்த இளைஞனிடமுமே இருக்கும்.

சென்னை மாநகரக் காவற்றுறை கமராக்களை ஊக்குவித்த காலத்தில் அவற்றுக்கு ‘மூன்றாவது கண்’ எனப் பெயரிட்டது. சைவ மரபிற் பழகியோர்க்கு அப்பெயர் சற்று விநோதமாகவே ஒலிக்கும். நெற்றிக்கண் இயல்பாக மூடியிருப்பது. என்றோ ஒருநாள் திறப்பது. திறந்தால் எதிரே நின்றது எரிந்துபோகும். எப்பொழுதும் திறந்திருக்கும் நெற்றிக்கண்ணைப் புராணம் எதுவும் கற்பனை செய்யவில்லை.

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் சங்கடப்படலையில் வழிப்போக்கனுக்கு நிழலும் தண்ணீரும் இருந்தன. இன்று அதே இடத்திற்தான் கமரா பொருத்தப்படுகின்றது. கடற்காற்றின் உப்பு வில்லையிற் படிந்து சில வாரங்களில் காட்சி மங்கிவிடுவதும், சிலந்தி வலை பின்னி இரவில் அகச்சிவப்பு ஒளியில் வெண்திரையாக மின்னுவதும் கரையோர வீட்டார் அறிந்தவை. துடைப்பதற்கு எவராவது ஏணி வைத்து ஏறவேண்டும். சில கடைகளில் கமராவின் திரையை வாடிக்கையாளருக்கும் தெரியுமாறு முன்மேசையில் வைத்திருக்கின்றனர். உள்ளே வருபவன் தான் எவ்வளவு தெரிகின்றான் என்பதை நிமிர்ந்து பார்த்துக்கொள்ளலாம். கேணியடியில் ஒரு கமரா வைக்கத் தீர்மானிக்கப்படின், அதன் திரையையும் அவ்வாறு வீதியோர மண்டபத்தில் எவரும் பார்க்குமிடத்தில் வைக்க ஆலய நிர்வாகம் உடன்படுமா என்று ஊர்க்கூட்டத்திற் கேட்டுப் பார்க்கலாம். உடன்படாவிடின் மறுப்புக்குக் கூறப்படும் காரணங்களைக் கூட்டக் குறிப்பேட்டிற் பதிந்துகொள்ளவேண்டும்.